கவிதையைச் சுவரில் வைத்தால் அது படத்தின் கீழ்க்குறிப்பாகிவிடாமல் இருக்க என்ன செய்யலாம்?

கேள்வி: கொட்டியாரக் கரை

அனைவருக்கும் வணக்கம். திருகோணமலை நகரிலுள்ள கலாசார நிலையம் ஒன்று, என்னுடைய கவிதைகளை மட்டும் வைத்து ஒரு தனிநபர் பல்லூடகக் கண்காட்சியை ஒரு வார காலத்துக்கு நடத்த இடம் தர முன்வந்திருக்கிறது. இரண்டு தொகுதிகளை வெளியிட்டவள் என்ற வகையில் நூல் வெளியீடு எப்படி நடக்கும் என்பது எனக்குத் தெரியும். விளக்கேற்றல், வரவேற்புரை, நயவுரை, முதற்பிரதி வழங்கல் என்று மாலை முழுவதும் கழிந்துவிட, கவிதையை யாரேனும் வாய்விட்டு வாசிக்கும் நேரம் மிகக் குறைவாகவே கிடைக்கும். கவிதையோடு மக்கள் தனியாகச் சிறிது நேரம் நிற்கக்கூடிய ஓர் இடத்தை அமைக்க வேண்டும் என்பதே இந்த அழைப்பை நான் ஏற்றுக்கொண்டதற்குக் காரணம்.

என்னிடம் இருப்பவை இவை: கையெழுத்துப் பிரதிகள் சில, என் குரலில் பதிவுசெய்த கவிதைகள், 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படுவதற்கு முன்பு மக்கள் 'பாதை' எனப்படும் மிதவையில் ஏறிக் கடந்த காலத்தைக் காட்டும் குடும்பப் புகைப்படங்கள், திருக்கடலூர்க் கரையில் கரைவலை இழுப்பதை எடுத்த காணொளி, அப்போது ஒரு முதியவர் பாடிய அம்பா என்னும் மீனவர் பாடலின் ஒலிப்பதிவு, அம்மாவின் பழைய பருத்திச் சேலைகளில் நான் நூலால் தைத்த கவிதை வரிகள். மண்டபத்தின் கடற்புறச் சுவரில் பெரிய யன்னல்கள் உள்ளன. அதை ஒட்டி ஒரு சிறிய அறையும் உண்டு.

நான் இதுவரை பார்த்த கவிதைக் காட்சிகள் பலவற்றில், நல்ல புகைப்படம் ஒன்று பெரிதாகத் தொங்கும்; அதன் கீழே கவிதை சிறிய எழுத்தில் ஒட்டப்பட்டிருக்கும். வருபவர்கள் படத்தைப் பார்த்து, இரண்டு வரியை வாசித்து, அடுத்த படத்துக்கு நகர்வார்கள். என் கவிதைகளுக்கும் அதுவே நேர்ந்துவிடுமோ என்று அஞ்சுகிறேன். எந்தக் கவிதையை எழுத்தாகவும், எதை ஒலியாகவும், எதை அசையும் படமாகவும் வைப்பது என்பதை எந்த அடிப்படையில் தீர்மானிப்பது? மண்டபத்தின் வெளிச்சமும் நம் ஊரின் காலநிலையும் எவற்றைப் பாதிக்கும்? இத்தகைய காட்சிகளை அமைத்தவர்களும் பார்த்தவர்களும் தங்கள் கருத்தை எழுதினால் பெரிதும் உதவியாக இருக்கும்.

மறுமொழி: ஓய்வுநிலைத் தமிழாசிரியர், உவர்மலை

தங்கச்சி, உங்கள் அச்சம் நியாயமானது. ஆயினும், கவிதையைக் கண்ணால் காணும் பொருளாக ஆக்குவது தமிழுக்குப் புதிய காரியம் அன்று என்பதை முதலில் மனத்தில் கொள்ளுங்கள். தண்டியலங்காரம் சித்திரகவிகளுக்கு இலக்கணம் வகுத்திருக்கிறது. நாகங்கள் பின்னிக்கிடப்பதாகவும், சக்கரமாகவும், தேராகவும் வரையப்பட்ட கட்டங்களுக்குள் எழுத்துகள் நின்று பாட்டாகும் மரபு நம்முடையது. திருஞானசம்பந்தர் முன்னிருந்து வாசித்தாலும் பின்னிருந்து வாசித்தாலும் ஒன்றாகவே வரும் மாலைமாற்றுப் பதிகத்தையும் பாடினார்; எண்கள் ஒன்றிலிருந்து ஏழு வரை ஏறி இறங்கும் திருவெழுகூற்றிருக்கையையும் பாடினார்.

அந்த மரபிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது வடிவத்தை அன்று. அங்கே படம் எழுத்துகளின் ஒழுங்கிலிருந்தே பிறக்கிறது. கட்டத்தை அழித்தால் பாட்டின் அருமை தெரியாது, பாட்டை அழித்தால் வெறும் கட்டம்தான் மிஞ்சும். ஆகையால் உங்கள் ஒவ்வொரு கவிதையையும் இவ்வாறு சோதித்துப் பாருங்கள்: அதற்குப் பக்கத்தில் வைக்க நினைக்கும் படத்தை அகற்றினால் கவிதை எதையேனும் இழக்கிறதா? கவிதையை அகற்றினால் படம் எதையேனும் இழக்கிறதா? இரண்டுக்கும் இழப்பில்லை என்றால் அவற்றைச் சேர்த்து வைக்க வேண்டிய தேவையும் இல்லை. பாலம் வருவதற்கு முன் எடுத்த புகைப்படத்தின் கீழே, பாதையைப் பற்றிய கவிதையை வைப்பது, ஒரே செய்தியை இரு முறை சொல்வதாகவே முடியும்.

அம்பாப் பாடலைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. வலையை இழுக்கும் கைகளும் கால்களும் ஒரே தாளத்தில் இயங்க வேண்டும் என்பதற்காகப் பிறந்த பாட்டு அது. ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடும்போது, அந்த மூச்சின் இடைவெளியில்தான் வலை நகர்கிறது. அதைக் காணொளியோடு ஓடவிட்டால் பார்ப்பவர் மீனையும் கடலையும் பார்த்துக்கொண்டிருப்பார். மூச்சு காதில் விழாது. இருண்ட இடத்தில், எந்தப் படமும் இன்றி, ஒலியாக மட்டும் அது கேட்கட்டும். நம் ஊரைப் பாடிய சம்பந்தர் பதிகத்தின் முதற்பாட்டே கழலும் சிலம்பும் ஒலிப்பதில் தொடங்கி, முழங்கும் கடல் முத்தைக் கொண்டுவந்து கொழிப்பதில் முடிகிறது. கோணமலையை முதலில் காதால் காட்டிய பாட்டு அது. 1939 இல் இந்த மண்ணில் பிறந்த பிரமிள் கவிதையோடு ஓவியமும் வரைந்தவர் என்பதையும் இங்கே நினைவூட்ட விரும்புகிறேன். கவிஞர் ஒருவர் வேறு ஊடகத்தைக் கையில் எடுப்பதற்கு இந்த ஊரில் எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

மறுமொழி: ஒலி ஒளி அமைப்பாளர், பாலையூற்று

அக்கா, ஐயா சொன்னவற்றின் மேல் நான் கருத்துச் சொல்லத் தேவையில்லை. மண்டபத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

கடற்புற யன்னல்கள்தான் உங்கள் முதல் சிக்கல். காலை வெயில் கிழக்கிலிருந்து நேரே உள்ளே விழும். அந்த வெளிச்சத்தில் சாதாரண புரொஜெக்டரின் படம் வெளிறிப்போகும். கறுப்புத் திரைச்சீலையால் அடைத்தால் படம் தெளியும், ஆனால் காற்றோட்டம் நின்று மண்டபம் புழுங்கும். எனவே அசையும் படம் அனைத்தையும் சிறிய அறைக்குக் கொண்டுபோய்விட்டு, பெரிய மண்டபத்தை இயற்கை வெளிச்சத்தில் வாசிப்பதற்கு உரிய இடமாக வைத்திருப்பதே நல்லது. கையெழுத்துப் பிரதிகள் இருந்தால் அவற்றை யன்னலுக்கு எதிர்ச் சுவரில் வைக்கக் கூடாது. மை எழுத்துள்ள தாளுக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவான மங்கிய வெளிச்சமே பாதுகாப்பானது என்பது அருங்காட்சியகங்களில் பின்பற்றப்படும் நியமம். வெயில் படும் சுவரில் வைத்தே ஆக வேண்டுமென்றால் நல்ல வண்ணப் பிரதி எடுத்து அதை வையுங்கள். மூலம் வீட்டில் இருக்கட்டும்.

சிறிய அறையில் புரொஜெக்டரை எங்கே வைப்பது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. வீச்சு விகிதம், அதாவது சுவருக்குள்ள தூரத்தைப் படத்தின் அகலத்தால் வகுத்தால் வரும் எண், 1.5 உள்ள கருவியால் 2 மீற்றர் அகலமான படம் வேண்டுமென்றால், சுவரிலிருந்து 3 மீற்றர் தள்ளி வைக்க வேண்டும். சிறிய அறையில் அவ்வளவு தூரம் வைத்தால் உள்ளே வருபவர்களின் நிழல் எல்லாம் சுவரில் விழும். விகிதம் 0.5 உள்ள குறுந்தூரக் கருவியை வாடகைக்கு எடுத்தால் அதே அகலத்துக்கு 1 மீற்றரே போதும். அதைச் சுவரின் அருகே மேலே பொருத்திவிடலாம், நிழலும் விழாது.

இனி எழுத்தைப் பற்றி ஒரு முக்கியமான எச்சரிக்கை. உங்கள் பழைய கவிதைகள் யுனிகோட் அல்லாத பாமினி எழுத்துருவில் தட்டச்சிடப்பட்டிருந்தால், முதலில் அனைத்தையும் யுனிகோட்டுக்கு மாற்றி, மாற்றியதை வரிவரியாக மூலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதன் பின்பும், காணொளி தொகுக்கும் மென்பொருள்கள் சிலவற்றில் கொம்பு இடம் மாறி, 'கொ' என்பது 'ெகா' என்று விழும். கவிதை வரியைப் படத்துக்குள் நேரே தட்டச்சு செய்யாமல், தமிழைச் சரியாகக் காட்டும் மென்பொருளில் அமைத்து, படக்கோப்பாக மாற்றிக் கொண்டுபோங்கள். கவிஞரின் கண்காட்சியில் ஓர் எழுத்து உடைந்து நின்றாலும் ஒரு வாரம் முழுவதும் அது கண்ணை உறுத்திக்கொண்டே இருக்கும். இருட்டறையில் கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து வாசிக்க இதமாக இருக்கும். ஒவ்வொரு வரியும் திரையில் நிற்கும் நேரத்தைக் கணக்கிட, நீங்களே அதை இரண்டு முறை வாய்விட்டு ஆறுதலாக வாசித்துப் பாருங்கள். அவ்வளவு நேரம் அது நிற்க வேண்டும்.

ஒலி மூன்று இடங்களிலிருந்து திறந்தபடி வந்தால் மண்டபம் முழுவதும் இரைச்சலாகிவிடும். சீமெந்துத் தரையும் வெறுஞ்சுவரும் ஒலியைத் திருப்பி அடிப்பவை. அம்பாப் பாடலுக்கு மட்டும் திறந்த ஒலிபெருக்கி வையுங்கள். உங்கள் குரலில் உள்ள கவிதைகளுக்கு ஹெட்போன் போதும். அம்பாப் பாடல் ஒலிக்கும் அறையின் தரையில் பன்பாயும் சுவரில் தடித்த துணியும் இருந்தால் எதிரொலி நன்றாகக் குறையும். மின்விசிறியின் சத்தத்தையும் கவனியுங்கள். பதிவைச் சரிபார்க்கும்போது விசிறிகளை ஓடவிட்டுக்கொண்டே கேட்டுப் பாருங்கள்.

காலத்தைப் பொறுத்தவரை, ஒக்ரோபர் முதல் சனவரி வரை இங்கே மழைக்காலம். அந்த மாதங்களில் இருபக்கம் ஒட்டும் நாடா சுவரில் நிற்காது, தாள் நெளியும், றெஜிபோம் (தெர்மோகோல்) பலகையில் ஒட்டிய அச்சுப்படம் ஓரத்திலிருந்து கழன்று வரும். ஆடி, ஆவணியில் மழை குறைவு, ஆனால் தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று புழுதியைக் கொண்டுவரும். இரண்டையும் தவிர்க்க மாசி, பங்குனி வசதியானவை. மின்தடை வந்து திரும்பும்போது கருவிகள் தாமாகவே மீண்டும் இயங்குமா என்பதையும் முன்கூட்டியே சோதிக்க வேண்டும். காணொளியை ஓடவிடும் கருவிக்குச் சிறிய யு.பி.எஸ். ஒன்று கட்டாயம் தேவை.

மறுமொழி: கட்புலக் கலை மாணவன்

ஆசிரியர் ஐயாவின் சோதனை முறையை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் அதன் எதிர்ப்பக்கத்தில் இருக்கும் ஆபத்தையும் அக்கா அறிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

பெல்ஜியம் நாட்டுக் கவிஞர் மார்செல் ப்ரூதேர்ஸ், தம் நாற்பதாவது வயதில், 1964 இல், புரசெல்ஸ் நகரில் தம் முதலாவது தனிக் கண்காட்சியை நடத்தினார். விற்பனையாகாமல் மீந்திருந்த தம் கவிதை நூலின் ஐம்பது பிரதிகளைச் சாந்துக் கலவையில் பாதி புதையுமாறு வைத்து அதைச் சிற்பமாக்கியிருந்தார். சாந்தை உடைக்காமல் நூலைத் திறக்க முடியாது. வந்தவர்கள் அதை ஒரு பொருளாகப் பார்த்தார்களே தவிர, உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று அறியும் ஆவல் எவருக்கும் எழவில்லை என்று அவரே பின்னாளில் கூறினார். அவருக்கு அது கலையின் நிலையைப் பற்றிய ஒரு கூற்றாக அமைந்தது. உங்களுக்கு அவ்வாறு அமைய வேண்டியதில்லை. நீங்கள் வாசிக்கப்படவே விரும்புகிறீர்கள். சேலையில் தைத்த வரிகளைப் பற்றி நான் கவலைப்படுவது இதனால்தான். நூலும் நிறமும் பழைய சேலையின் மங்கலும் மிகவும் அழகாக இருக்கும்; அந்த அழகில் வரி மறைந்துபோக இடமுண்டு. எழுத்தைப் பெரிதாகத் தையுங்கள். ஒரு சேலையில் ஒரு வரிக்கு மேல் வேண்டாம். சுவரோடு ஒட்டி மாட்டாமல், இடையில் தொங்கவிட்டு, இரு பக்கமும் நடந்து பார்க்கவிடுங்கள். துணியின் பின்புறத்தில் தையலின் முடிச்சுகளும் இடவலம் மாறிய எழுத்துகளும் தெரியும்போது, அந்த வரியை வாசிக்க முன்பக்கம் வர வேண்டும் என்ற ஆவல் தானாகவே உண்டாகும்.

இரவீந்திரநாத் தாகூரின் வழி வேறு. கையெழுத்துப் பிரதியில் அடித்துத் திருத்திய இடங்களை ஒன்றோடொன்று கோடுகளால் இணைத்து உருவங்களாக்கிக்கொண்டு போனதிலிருந்துதான் அவருடைய ஓவியம் வளர்ந்தது. அவர் ஓவியங்களின் முதற்காட்சி 1930 இல் பாரிஸ் நகரில் நடந்தபோது அவருக்கு வயது அறுபத்தொன்பது நெருங்கிக்கொண்டிருந்தது. பெரும்பாலான ஓவியங்களுக்கு அவர் தலைப்பு வைக்கவில்லை. உங்களிடம் உள்ள கையெழுத்துப் பிரதிகளில் அடித்தல் திருத்தல் இருக்குமானால், எனக்கு அவையே இந்தக் காட்சியின் நடுப்பொருளாகப் படுகின்றன. ஒரு சொல்லை நீங்கள் வெட்டிவிட்டு வேறொன்றைத் தேடிய தடத்தை அச்சு நூலில் எவரும் பார்க்க முடியாது. அதைக் காட்டக்கூடிய ஒரே இடம் கண்காட்சிதான். ஒரு கவிதையின் முதல் வரைவு, இடைப்பட்ட வரைவு, முடிந்த வடிவம் ஆகிய மூன்றையும் ஒரே கண்மட்டத்தில், தரையிலிருந்து ஏறத்தாழ 150 சென்ரிமீற்றர் உயரத்தில், வரிசையாக வைத்தால் வாசகர் அங்கே கட்டாயம் நின்று வாசிப்பார். படத்துக்கு அங்கே வேலையே இல்லை.

அம்பாப் பாடலை இருட்டில் வைக்க வேண்டும் என்ற கருத்தில் மட்டும் ஐயாவோடு சிறிது வேறுபடுகிறேன். முழு இருட்டு அந்தப் பாட்டை ஒரு விநோதப் பொருளாக்கிவிடக்கூடும். பகல் வெயிலில் உழைக்கும் மனிதர்களின் பாட்டு அது.

மறுமொழி: கிண்ணியா வாசகி

சகோதரி, பாதையில் ஏறிக் கடந்த நாட்களை நானும் அறிவேன். ஆகவே அந்தப் புகைப்படங்களைப் பற்றியே முதலில் எழுதுகிறேன். குடும்பப் படம் என்றாலும் அந்தப் பாதையில் உங்கள் குடும்பம் மட்டும் நின்றிருக்காது. அடையாளம் தெரியக்கூடிய முகங்கள் இருந்தால், அவர்களையோ அவர்களின் பிள்ளைகளையோ தேடிக் கேட்டுவிட்டு வைப்பதுதான் முறை. பெண்களின் படங்களில் இது மேலும் முக்கியம். கேட்கப் போகும்போது அவர்கள் சொல்லும் நினைவுகள் உங்களுக்கு இன்னொரு கவிதையையும் தரக்கூடும்.

அம்பாப் பாடிய முதியவரின் குரலும் அவ்வாறே. பாட்டு எல்லோருக்கும் பொதுவானது, ஆனால் அந்தப் பதிவில் இருப்பது அவருடைய குரல். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் எழுதியவரின் உரிமையோடு நிகழ்த்துபவரின் உரிமையையும் பாதுகாக்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். அவர் பெயரைச் சுவரில், உங்கள் பெயர் எந்த அளவு எழுத்தில் இருக்கிறதோ அதே அளவில், அவர் சம்மதத்தோடு எழுதுங்கள். திறப்பு நாளில் அவரும் வந்து முன்வரிசைக் கதிரையில் அமர்ந்திருக்க வேண்டும்.

திருகோணமலையில் ஒரு பொது மண்டபத்தில் கதவைத் திறந்து வைத்தால், தமிழ் வாசிக்கத் தெரியாதவர்களும் உள்ளே வருவார்கள். கொழும்பில் 2019 இல் திறக்கப்பட்ட நவீன, சமகாலக் கலை அருங்காட்சியகம் சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் குறிப்புகளை வைக்கிறது. ஆனால் உங்கள் சுவரில் மூன்று மொழிகளும் நிறைந்துவிட்டால் கவிதை நெருக்கப்படும். எனவே மொழிபெயர்ப்புகளை ஒரு சிறிய கைநூலாக அச்சிட்டு வாசலில் வையுங்கள். சுவரில் தமிழ் மட்டும் இருக்கட்டும். சிங்களத்தில் கவிதை எழுதும் ஒருவரிடம் மொழிபெயர்ப்பைக் காட்டிச் சரிபார்த்த பின்னரே அச்சுக்குக் கொடுங்கள்.

இன்னொரு வேண்டுகோள். நின்றுகொண்டே நீண்ட கவிதையை வாசிக்க என் தாயாரைப் போன்றவர்களால் முடியாது. ஹெட்போன் வைக்கும் இடத்திலாவது முதுகு சாயக்கூடிய கதிரைகள் வேண்டும். வெள்ளிக்கிழமை திறப்பு வைப்பதானால் ஜும்ஆ நேரத்தைத் தவிர்த்துப் பிற்பகல் நான்கு மணிக்குப் பின் வையுங்கள். எங்கள் பக்கத்திலிருந்தும் மூதூரிலிருந்தும் வருபவர்களுக்கு அது இலகு.

கேள்வி கேட்டவர்: கொட்டியாரக் கரை

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று மாலை கையெழுத்துப் பிரதிகளை எடுத்துப் பார்த்தேன். பாதையைப் பற்றிய கவிதைக்கு மூன்று வரைவுகளும் முழுமையாக இருக்கின்றன. முதல் வரைவில் இருந்த ஒரு முழுப் பத்தி இறுதி வடிவில் இல்லை. தம்பி சொன்னபடி அவையே பெரிய மண்டபத்தின் நடுச்சுவருக்குப் போகின்றன. புகைப்படங்களை அந்தக் கவிதைக்குப் பக்கத்தில் வைக்கும் எண்ணத்தைக் கைவிட்டேன். முகங்கள் தெரியாத இரண்டை மட்டும் வாசலில் வைத்து, மற்றவற்றுக்கு உரியவர்களைக் கண்டு பேச இருக்கிறேன். முதியவரின் மகனோடு பேசிவிட்டேன். அவர் பதிவைக் கேட்க விரும்புகிறார். கேட்ட பின்பே தந்தையிடம் சம்மதம் கேட்போம் என்றார். அதுவே சரி.

இரண்டு ஐயங்கள் எஞ்சியிருக்கின்றன. கரைவலைக் காணொளியை என்ன செய்வது? ஐயாவின் சோதனையில் அது தேறவில்லை. எந்தக் கவிதையும் அது இல்லாமலே நிற்கிறது. மற்றது, ஒவ்வொரு பொருளுக்கும் நான் விளக்கக் குறிப்பு எழுத வேண்டும் என்று நிலையத்தில் கேட்கிறார்கள்.

மறுமொழி: ஓய்வுநிலைத் தமிழாசிரியர், உவர்மலை

தேறாத காணொளியை விட்டுவிடுங்கள். அதை எடுக்க எவ்வளவு பாடுபட்டிருப்பீர்கள் என்பது எனக்குப் புரிகிறது. ஆயினும் கவிதையில் நல்ல வரி ஒன்றை, அந்தக் கவிதைக்கு உரியதன்று என்பதற்காக நீக்குகிறோமே, அந்தக் கண்டிப்பு மண்டபத்திலும் வேண்டும். அம்பாப் பாடலுக்கு முழு இருட்டு வேண்டாம் என்று மாணவர் சொன்னதைப் பற்றி யோசித்தேன். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கதவைத் திறந்து வைத்து, பகல் வெளிச்சம் தரையில் சிறிது விழுமாறு அமையுங்கள். படம் மட்டும் வேண்டாம்.

விளக்கக் குறிப்பைப் பொறுத்தவரை, கவிதை எழுதிய ஆண்டு, எழுதிய இடம், பயன்படுத்திய பொருள் ஆகியவற்றோடு நிறுத்துங்கள். கருத்தை விளக்கும் வாக்கியம் ஒன்றுகூட வேண்டாம். நிலையத்தார் வற்புறுத்தினால், ஒரு பக்கத்துக்கு மேற்படாத முன்னுரை ஒன்றை எழுதிக் கைநூலில் சேர்த்துவிடுங்கள்.

மறுமொழி: ஒலி ஒளி அமைப்பாளர், பாலையூற்று

காணொளி இல்லையென்றால் சிறிய அறையில் புரொஜெக்டரும் தேவையில்லை, வாடகை மிச்சம். அந்தப் பணத்தில் நல்ல ஒலிபெருக்கி ஒன்றை எடுங்கள். அதைத் தரையில் வைக்காமல் காது மட்டத்தில், அறையின் மூலையில் அன்றி நீளச் சுவரின் நடுவில் வைத்தால் குரல் தெளிவாகக் கேட்கும். பாட்டு முடிந்து மீண்டும் தொடங்குவதற்கு இடையில் ஒரு நிமிட அமைதி விடுங்கள். பெரிய மண்டபத்தில் வரைவுகளை வாசிப்பவர்களுக்கு அந்த நேரம் வேண்டும். மாசி மாதத்துக்கு நாள் குறித்ததும் சொல்லுங்கள். திறப்புக்கு முந்திய மாலை வந்து, விசிறிகளையும் ஹெட்போன்களையும் ஓடவிட்டு நானே சரிபார்த்துத் தருகிறேன்.